மச்சாள் வாங்கிய காஸ் துவக்கு

மச்சாள் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி, துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கக் கூட வரச் சொன்னதுதான். நான் கலியாணம் முடித்து பீலெஃபெல்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவரின் அக்கா அவர். நாங்கள் இருந்த கட்டிடத்திலேயே மேல்மாடியில் குடியிருந்தார். அதுவரை ஒரு கரண்டி சீனி இரவல் கேட்டுக்கூட என் கதவைத் தட்டாதவர். ஒரு சனிக்கிழமை காலையில், குளிர்ச்சட்டையின் பொத்தான்களைப் பூட்டியபடி என் குசினி வாசலில் வந்து நின்றார். "உமக்கு டொச் நல்லாய் வரும். ஒருக்கால் என்னோட கடைக்கு வாரும்" என்றார். ஜேர்மன் மொழியை நாங்கள் டொச் என்றுதான் சொல்வோம். என்ன கடை என்று கேட்டேன். "துவக்குக் கடை" என்றார், மரக்கறிக் கடை என்று சொல்கிற அதே குரலில். சொல்லும்போது வலது கையால் வாயை மறைத்துக்கொண்டார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்ததால் அந்த நாட்களில் அவர் அப்படித்தான் பேசினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டவர் குடியிருந்த வீடுகளுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டினார்கள். எங்கள் கட்டிடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும் யன்னலோரத்தில் தடித்த கயிறு ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தோம். குளியலறையில் வாளிகள் எப்போதும் நிரம்பியே இருக்கும். மச்சாள் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மதியம் தாண்டி வேலை முடிந்து, ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் அது நடந்தது. நல்ல வெளிச்சம். தரிப்பிடத்தில் நிறையப் பேர். மொட்டையாக மயிர் வெட்டி, கனத்த சப்பாத்துப் போட்ட மூன்று பொடியன்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் பின்னாலிருந்து அவருடைய கொண்டையைப் பிடித்து இழுத்தான். இரும்பு வாங்கிலின் விளிம்பில் வாய் மோத அவர் விழுந்தார். சாப்பாட்டுப் பெட்டி திறந்து சோறு நிலத்தில் சிதறியது. அதை ஒருவன் சப்பாத்தால் தேய்த்துவிட்டுப் போனான்.

பல் உடைந்ததை மச்சாள் ஒருமுறைதான் சொன்னார். மற்றவர்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பெண் தன் கடைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளாம், இரத்தம் படாமல். ஒருவர் ட்ராம் நேர அட்டவணையை மூக்கு முட்ட நின்று வாசித்தாராம். சாம்பல் நிறச் சின்ன நாய் ஒன்றோடு நின்ற வயதான மனிதர், நாயின் வாரைக் கையில் சுற்றி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். "நாயைக் கவனமாய்ப் பார்த்தவர். நாய்க்கு ஒண்டும் நடக்கேல்லை" என்பார் மச்சாள். பிறகு ட்ராம் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். இரத்தத்தைக் கைலேஞ்சியில் ஒற்றியபடி அவரும் ஏறினார்.

பொலிஸ் நிலையத்துக்கு, அவர் கேட்காமலே, நான்தான் கூடப் போனேன். முறைப்பாட்டை எழுதியவர் மரியாதையாகத்தான் நடத்தினார். முகங்களை அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார். பின்னாலிருந்து இழுத்தார்கள் என்றார் மச்சாள். சாட்சிகள் இருந்தார்களா என்று கேட்டார். நிறையப் பேர் என்றார். அவர்களுடைய பெயர்கள்? மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். "வாய் நிறைய ரத்தத்தோட ஒவ்வொருத்தரிட்டையும் பேர் கேட்டிருக்கோணுமோ எண்டு இவரிட்டைக் கேளும்" என்றார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் பேனையை மேசையில் வைத்து, "புரிகிறது" என்றார். புரிந்ததோடு சரி.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஆண்கள் எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். வேலை நேரத்தை மாற்றச் சொன்னார்கள். தனியே போக வேண்டாம் என்றார்கள். தொப்பி போட்டுக் கொண்டையை மறைக்கச் சொன்னார்கள். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் பயந்தவர். அகதித் தஞ்சம் கேட்டுப் போட்ட அவர்களுடைய அசூல் வழக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை. "இஞ்ச நாங்கள் இருக்கிற இருப்புக்குப் பேசாமல் வேலையை விடுறதுதான் நல்லது" என்றார் அவர். மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "வேலையை விட்டிட்டு வீட்டுக்குள்ள இருந்தால் வரமாட்டாங்களோ? அப்ப என்னத்துக்கு யன்னலடியில கயிறு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமைதான் அவர் என் குசினி வாசலில் வந்து நின்றார்.

காஸ் துவக்கைப் பற்றி அவருக்குச் சொன்னவள் கூட வேலை செய்த போலந்துப் பெண். பார்க்க அசல் கைத்துப்பாக்கி போலவே இருக்கும். குண்டுக்குப் பதிலாகக் கண்ணை எரிக்கும் புகையைத்தான் கக்கும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட யாரும் அப்போது அதை அனுமதிப் பத்திரம் இல்லாமலே வாங்கலாம், பையில் கொண்டு திரியலாம். கடையில் மான் கொம்புகளுக்குக் கீழே ஒரு முதியவர் நின்றார். எங்கள் இருவரையும் பார்த்து, வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்து, பேருந்து நிலையம் அடுத்த தெரு என்றார். வந்த காரணத்தை நான் சொன்னதும், கணவருக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்று மச்சாள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

முதலில் அவர் எடுத்து வைத்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பிடி போட்ட ஒன்று. பெண்களுக்கு ஏற்றது என்றார். மச்சாள் அதைத் தொடாமலே தள்ளிவிட்டார். "சிகரெட் பத்திற லைட்டர் எண்டு நினைப்பாங்கள். இதைப் பார்த்து ஆர் பயப்பிடுவினம்?" அடுத்து வந்தது பெரிய சுழல் துப்பாக்கி. அதைத் தூக்கியபோது அவருடைய மணிக்கட்டு கீழே சாய்ந்தது. கடைசியில் நடுத்தர அளவில் கறுப்பாக ஒன்று. அதைக் கையில் எடுத்து மச்சாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரில் எங்கள் வீடுகளுக்குள் அதைப் போன்றவற்றோடு வந்தவர்களை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கமிருந்து பார்த்த ஒன்றை இந்தப் பக்கமிருந்து பிடித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ நினைத்திருக்கிறார். "விரல் எட்டுதில்லை. இவங்கள் எல்லாத்தையும் தங்கட கைக்குத்தான் செய்யிறாங்கள்" என்றார் எரிச்சலோடு. அதைத்தான் வாங்கினார்.

தோட்டா போடுவதையும் பூட்டைத் திறப்பதையும் கடைக்காரர் பொறுமையாகக் காட்டினார். மிகக் கிட்ட நின்று சுடக்கூடாது. காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசும்போது சுடவே கூடாது. இரண்டையும் இருமுறை சொன்னார். எங்கே பழகுவது என்று மச்சாள் கேட்டார். முதியவர் இரண்டு கைகளையும் விரித்தார். வைத்திருக்கலாம், கொண்டு திரியலாம், ஆபத்து வந்தால் சுடலாம். ஆனால் பழகுவதற்காகப் பொது இடத்தில் சுடுவது குற்றம். சொந்தக் காணி இருந்தால், அதுவும் வேலி அடைத்த காணியாக இருந்தால், யாருக்கும் தொந்தரவில்லாமல் சுட்டுப் பார்க்கலாம். நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை மச்சாள் காத்திருந்தார். "வேலி அடைச்ச சொந்தக் காணி உள்ளவனை இந்த ஊரில ஆர் கொண்டையில பிடிச்சு இழுக்கிறது?" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அதனால் அவர் குசினியில் பழகினார். தோட்டா இல்லாத துவக்கைக் கைப்பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டி, பிரிட்ஜுக்கு முன்னால் நின்று வெளியே இழுப்பார். பையின் ஸிப் பாதியில் இறுகும். ஸிப்பைக் கழற்றிவிட்டு உள்ளே தனிப் பொக்கற் ஒன்று தைத்தார். பிறகு குளிர் வந்தது. கம்பளிக் கையுறை போட்ட விரல் விசை வளையத்துக்குள் போகவில்லை. புதுக் கையுறையில் வலது சுட்டுவிரலின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டி, நூல் பிரியாமல் சுற்றித் தைத்தார். இவ்வளவும் நடக்கும்போது அண்ணை முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இருப்பார். "அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா. அசூல் கேட்டு வந்த இடத்தில துவக்கோட பிடிபட்டால் என்ன சொல்லுவாய்?" என்பார். "வைச்சிருக்கலாமெண்டு சட்டம் சொல்லுது. பல்லை உடைக்கலாமெண்டு சொல்லேல்லை" என்பார் மச்சாள்.

ஆனாலும் ஒருமுறையாவது சுட்டுப் பார்க்காமல் எப்படி என்று அவர் கேட்டபோது என்னாலும் மறுக்க முடியவில்லை. நகரத்தின் விளிம்பில் உள்ள குன்றுக் காட்டுக்கு ஒரு நாள் இருவரும் போனோம். பாதையை விட்டு விலகி, இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே நின்றோம். மச்சாள் இரண்டு கைகளாலும் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு விசையை இழுத்தார். இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தார். வெடித்த சத்தத்தில் காகங்கள் எழும்பிப் பறந்தன. காற்று அந்தக் கணத்திலா திரும்பியது, முதலிலேயே எங்கள் பக்கம் வீசியதா தெரியாது; புகை முழுவதும் எங்கள் முகத்துக்கே வந்தது. கண்ணும் மூக்கும் தொண்டையும் பற்றி எரிய, சருகுகளில் குந்தியிருந்து இருவரும் இருமி இருமி அழுதோம். ஊன்றுதடியோடு அந்தப் பக்கம் நடந்து வந்த ஒரு கிழவி எங்களைப் பார்த்துப் பதறி, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். எனக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாளுக்கு வரவில்லை. "எங்கட கண்ணை எரிக்கிறதுக்கு நாங்களே காசு குடுத்து வாங்கியிருக்கிறம்" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைச் சுமந்தார். ஒரு பக்கத் தோள் தாழ்ந்துபோனது. பூசைக்கும் கொண்டு வருவார். நற்கருணை வாங்க எழும்பும்போது பையை என் மடியில் வைத்துவிட்டுப் போவார். பீடத்துக்கு முன்னால் அந்தப் பாரத்தோடு இருக்கையில் பையின் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்வேன். பயம் குறைந்ததா என்று ஒரு நாள் கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்றார். "முந்தி ட்ராமுக்கு நிக்கேக்க கடைக் கண்ணாடியளைப் பார்த்துக்கொண்டு நிப்பன். இப்ப வாற போற ஒவ்வொருத்தனையும் இவனோ, இவனோ எண்டு பார்க்கிறன். நிம்மதியாய் ஒரு சப்பாத்தின்ர விலையைக்கூடப் பார்க்க ஏலாமல் கிடக்கு." பிறகு ஏன் சுமக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வேறென்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு நாளில் அவருக்குப் பல் கட்ட டெர்மின் கிடைத்திருந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நேரம். வைத்தியரோடு பேச நானும் போக வேண்டியிருந்ததால், அவருடைய வேலை முடிகிற நேரத்துக்கு அதே தரிப்பிடத்தில் போய் நின்றேன். அவர் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் இரண்டு பொடியன்கள் வீதியைக் கடந்து வந்தார்கள். முன்பு வந்தவர்கள்தானா என்று அவருக்கும் தெரியவில்லை. ஒருவன் என் முன்னால் நின்று, எங்கள் மொழியைப் போலச் செய்வதாக நினைத்து வாயால் ஏதோ சத்தம் போட்டான். நான் விலகினேன். அவன் என் தோளைப் பிடித்து நேர அட்டவணைக் கம்பத்தோடு தள்ளினான். மற்றவன் மச்சாளின் கழுத்துச் சால்வையைப் பிடித்தான்.

துவக்கு வெளியே வந்தது. ஸிப் இல்லாத பை, விரல் வெட்டிய கையுறை, ஒன்றும் இறுகவில்லை. கையை நீட்டிப் பிடித்தார். நான் அவருடைய கண்களைப் பார்த்தேன். அவர் அந்தப் பொடியனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், பத்திரிகைக் கடையின் கூரையில் கட்டியிருந்த ஐஸ்கிறீம் விளம்பரக் கொடியைப் பார்த்தார். கொடி எங்கள் பக்கம் பறந்துகொண்டிருந்தது. சுட்டால் மறுபடியும் எங்கள் கண்தான். அவர் சுடவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவர்கள் கண்டது கறுப்புக் குழாயை மட்டும்தான். வந்த வீதியைக் கடந்து ஓடினார்கள்.

மச்சாள் துவக்கைப் பைக்குள் வைத்துவிட்டு என் தோளைத் தடவிப் பார்த்தார். "நொந்ததோ?" என்று கேட்டார். நாங்கள் ட்ராமுக்காகக் காத்து நின்றோம். ட்ராமுக்கு முன்னால் பொலிஸ் வந்தது. பல் உடைந்த அன்றைக்கு ஒருவரும் கூப்பிடாத பொலிஸ்; இப்போது சைரன் போட்டுக்கொண்டு வந்தது. மச்சாளை வாகனத்தோடு சேர்த்து நிறுத்திக் கைகளை விரிக்கச் சொன்னார்கள். இறங்கி நின்ற பொலிஸ்காரனைச் சுற்றித் தரிப்பிடத்தில் நின்றவர்கள் எல்லோரும் கதைத்தார்கள். பழுப்புக் குளிர்ச்சட்டை, இந்த அளவு உயரம், வலது கை, கையுறையில் ஒரு விரல் வெட்டியிருக்கிறது, முதலில் எந்தப் பக்கம் குறிபார்த்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்கள். அந்தப் பொடியன்களைப் பற்றி நான் கேட்டேன். அவர்கள் எப்படி இருந்தார்கள், என்ன உடுப்பு? ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாம் அவ்வளவு வேகமாக நடந்துவிட்டதாம்.

அப்போதுதான் மச்சாள் அந்த நாய்க்காரரைக் கண்டார். தன் உடைந்த டொச்சில், என்னை எதிர்பார்க்காமல், நேராக அவரிடம் பேசினார். "நீங்கள் அண்டைக்கும் நிண்டனீங்கள்" என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள். வாயைத் திறந்து பல்லையும் காட்டினார். அவர் பொலிஸ்காரனைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை" என்றார்.

அன்றைக்கு. பொலிஸ் நிலையத்தில் இருந்த நேரம் முழுவதும் எனக்கு அந்தச் சொல்தான் ஓடியது. எதையும் பார்க்காதவருக்கு, மச்சாள் எந்த நாளைச் சொல்கிறார் என்று எப்படித் தெரிந்தது? அதை நான் விசாரித்த அதிகாரியிடமும் சொன்னேன். அவர் தலையசைத்தார். துவக்கு வைத்திருந்தது குற்றமில்லை, தற்காப்பு என்றே தோன்றுகிறது, ஆனால் பலர் அச்சுறுத்தல் என்று முறையிட்டிருப்பதால் விசாரிக்க வேண்டும் என்றார். துவக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல் டெர்மின் போனது. அடுத்தது கோடையில்தான் என்றார்கள்.

வீட்டில் அண்ணை கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பெட்டியில் உடுப்புகளை அடுக்கி வைத்தார், எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. பல மாதங்கள் அந்தப் பெட்டி கட்டிலடியில் கிடந்தது. கடைசியில், குற்றம் இல்லை என்று விசாரணையை மூடினார்கள்; துவக்கை வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். எடுக்கப் போவோமா என்று கேட்டேன். "காத்து எந்தப் பக்கம் எண்டு பார்த்துப் பார்த்துச் சுடுறதுக்கு நான் என்ன பாய்க்கப்பல் ஓட்டுறனோ? அவங்களே வைச்சிருக்கட்டும்" என்றார்.

ஆனால் அவர் வேலையை விடவில்லை, நேரத்தை மாற்றவில்லை, தரிப்பிடத்தையும் மாற்றவில்லை. பொலிஸ் பிடித்துப்போன மறுநாளே அங்கே போய் நின்றார். அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம். நிற்கிற ஒவ்வொருவருக்கும் முன்னால் போய், முகத்தை நேராகப் பார்த்து, உரத்த குரலில் "கூட்டன் டாக்" என்று வணக்கம் சொல்வார். பதில் வரும்வரை நகரமாட்டார். நான் ஒரு நாள் கூட நின்று பார்த்தேன். கடைப்பைப் பெண் முணுமுணுத்தாள். நாய்க்காரர் முகத்தை அடுத்த பக்கம் திருப்பினார். மச்சாள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், "கூட்டன் டாக்" என்றார். அவர் மறுபடி திரும்ப, இவர் மறுபடி சுற்றினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் அந்த மனிதர் தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னார். ஓய்வு பெறும்வரை, ஆட்கள் மாறி மாறி வந்தாலும், மச்சாள் அதை விடவில்லை. அதன்பிறகு அந்த இடத்தில் அவரை யாரும் தொடவில்லை. அதற்குக் காரணம் அந்த வணக்கம்தான் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வருடங்களில் வேறு தரிப்பிடங்களில் வேறு ஆட்கள் அடி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சென்ற வருடம் மச்சாளின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தார்கள். பிராங்பேர்ட்டில் வங்கியில் வேலை செய்கிற அவருடைய மகன் ஒலிவாங்கியைப் பிடித்து, பாதி தமிழிலும் பாதி ஜேர்மனிலும் இந்தக் கதையைச் சொன்னான். காட்டில் கண்ணெரிந்ததையும் நாய்க்காரரைச் சுற்றிச் சுற்றி வந்ததையும் நடித்துக் காட்டினான். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ஜேர்மன் மருமகள் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியால் முடியாததை அன்பு சாதித்திருக்கிறது, எவ்வளவு அழகு என்றாள். கண் கலங்கியிருந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே எந்த அன்பு இருந்தது? பல் உடைந்தவள் போய், பார்த்துக்கொண்டு நின்றவர்களை அன்பால் வெல்ல வேண்டுமென்று யார் எழுதி வைத்தது? நான் வாயைத் திறப்பதற்கு முன் மச்சாள் தலையை ஆட்டினார்.

"அன்புமில்லை, வணக்கமுமில்லை" என்றார் தமிழில். "பள்ளிக்கூடத்தில வாத்தியார் பேர் கூப்பிட்டு இடாப்பு எடுக்கிறவரெல்லே, அதுதான் எடுத்தனான்."

மகன் சிரித்துக்கொண்டே, ஏனம்மா இடாப்பு என்று ஒலிவாங்கியை நீட்டினான். மச்சாள் அதை வாங்கவில்லை.

"பிறகு ஒருத்தரும் தாங்கள் அங்க நிக்கேல்லை எண்டு சொல்லக்கூடாதெல்லே" என்றார்.